வடைத் தட்டும் வாய்ச்சொல்லும்

கொழும்பு மாநகரின் தென்பாகத்திலே வெள்ளவத்தை என்றொரு பகுதி உண்டு. அதனைச் 'சின்ன யாழ்ப்பாணம்' என்று சிலர் பெருமையோடும் சிலர் பரிகாசமாகவும் அழைப்பர். மாலை ஆறு மணியளவில் அங்கே காலி வீதியில் நடந்து செல்வோரின் நாசியை முதலில் வந்து எட்டுவது, நாலடி தூரத்திலே கிடக்கின்ற கடலின் காற்றன்று. கொதிக்கும் எண்ணெயில் உழுந்து வடை பொரிகின்ற வாசனையே! அவ்வாசனையைத் தொடர்ந்து சென்றால் நாம் ஒரு சைவக் கடையின் வாயிலை அடைவது நிச்சயம்.

சைவக் கடை என்பது யாதென்று எம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பம்பலப்பிட்டியில் சரஸ்வதி லொட்ஜையும் கிறீன்லண்ட்ஸையும் அறியாத தமிழர் கொழும்பிலே மிகச் சிலரே. வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியிலே சண்முகாஸ் இருக்கின்றது. கொட்டாஞ்சேனையிலே பொன்னம்பலவாணேசுவரரைத் தரிசித்துத் திரும்புவோர் தோசை உண்டு வீடு செல்லும் கடைகளும் உள. ஆனால் இன்று நாம் கூறப்புகுந்தது இவற்றுள் ஒன்றன்று. பெயர்ப்பலகை மங்கி, வாயிற்படி தேய்ந்து, அயலவர் மாத்திரமே நன்கறிந்த ஒரு சிறு கடையைப் பற்றியே கூற விரும்புகின்றோம். அதன் பெயரை எழுதினால் அதன் முதலாளி நாணமடைவார். ஆதலின் எழுதாது விடுகின்றோம்.

இத்தகைய கடைகள் கொழும்பிலே தோன்றியதற்குத் தக்க காரணம் உண்டு. 1905 ஆம் ஆண்டிலே காங்கேசன்துறை வரை புகையிரதப் பாதை பூர்த்தியாயிற்று. அதன் பின்னர் யாழ்ப்பாணத்து இளைஞர் அரசாங்க எழுதுவினைஞர்களாகவும் கடைச் சிப்பந்திகளாகவும் கூட்டங்கூட்டமாகத் தலைநகருக்கு வந்தனர். 1956 இல் 'யாழ்தேவி' ஓடத் தொடங்கியபோது அவ்வரவு மேலும் எளிதாயிற்று. வந்தவருட் பலர் தனி ஆடவர். ஓர் அறையில் மூவர் நால்வராக வாழ்ந்தவர். அடுப்பு மூட்டத் தெரியாதவர். அவர்களுக்குச் சோறிட்டவை இக்கடைகளே. காரைநகர், புங்குடுதீவு முதலிய ஊர்களிலிருந்து வந்தோர் பலர் இத்தொழிலில் இறங்கினர். இந்தியாவிலிருந்து வந்தோரும் நடத்தினர். இக்காலத்தில் அடுப்படியிலும் மேசையடியிலும் பெரும்பாலும் நாம் காண்பது மலையகத்து இளைஞர்களையே.

இக்கடைகளிலே பழங்காலந்தொட்டு ஒரு வழக்கம் இருந்து வந்தது. வாடிக்கைக்காரர் சென்று அமர்ந்ததும் எவரும் 'என்ன வேண்டும்?' என்று வினவமாட்டார். மேசையின் நடுவே ஒரு தட்டு வந்துவிடும். அதிலே உழுந்து வடை நான்கு, கடலை வடை நான்கு, வாய்ப்பன் இரண்டு, சூசியம் இரண்டு என்று குவிந்திருக்கும். பக்கத்திலே சம்பலும் சாம்பாரும் நிற்கும். வேண்டியதை எடுத்து உண்ணலாம், வேண்டாததை விட்டுவிடலாம். எழுந்து கைகழுவிக் காசு வாங்கும் மேசைக்குச் சென்றால், அங்கே திருநீறு துலங்க இருப்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "என்ன சாப்பிட்டனீங்கள்?" நாம் சொல்லுவதே கணக்கு. மேசைக்கு வந்து தட்டை எண்ணிப் பார்ப்பாரில்லை. பிறர் சொல்லைக் கேட்பாருமில்லை. உண்டவனே சாட்சி, உண்டவனே கணக்கப்பிள்ளை!

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து எமது பேத்தி வந்திருந்தாள். பதினேழு வயது, அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்தவள், ஆயினும் தமிழ் தடையின்றிப் பேசுவாள். இந்தத் தட்டின் கதையை நாம் தொலைபேசியிலே பலமுறை கூறியிருந்தோமாதலால், "அம்மப்பா, அந்தக் கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று வந்த அன்றே கேட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அழைத்துச் சென்றோம்.

கடை பழையபடியே இருந்தது. சுவரிலே சரஸ்வதியும் முருகனும். அவர்களுக்குப் பக்கத்திலே மாலையிட்ட படமாக மூத்த முதலாளி. கீழே அவருடைய மகன், இளைய முதலாளி. அவருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. லஞ்ச் சீற் விரித்த கோப்பைகள் வந்தன. எவர்சில்வர் பேணிகளிலே தண்ணீர் வந்தது. ஆனால் தட்டு வரவில்லை.

பேத்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். "எங்கை அம்மப்பா அந்தத் தட்டு?" என்றாள்.

முப்பது ஆண்டுகளாக அங்கே பரிமாறும் அன்பர் ஒருவர் உளர், ஹற்றன் பக்கத்தவர், வாலிபனாக வந்தவர், ஐம்பதைத் தாண்டிவிட்டார். அவரை நோக்கினோம். எம் எண்ணத்தை அவர் உணர்ந்துகொண்டார் போலும். "கொரோனாவோட நிப்பாட்டினது ஐயா. இப்ப கேட்டாத்தான் வைக்கிறது, எண்ணித்தான் வைக்கிறது" என்று தணிந்த குரலிற் சொன்னார்.

அவள் வருந்தவில்லை, சிரித்தாள். தங்கள் வீட்டுத் தெருவிலே மெக்சிக்கோ நாட்டவர் ஒருவரின் உணவுக்கடை நெடுங்காலமாக உண்டென்றும், அங்கே சென்று அமர்ந்ததும் கேளாமலே சோளத்தட்டை வறுவலும் தக்காளிச் சம்பலும் கொண்டுவந்து வைப்பர் என்றும், அதற்குக் காசு வாங்குவதில்லை என்றும் கூறினாள். "அம்மா அங்கை போகேக்கை எல்லாம் உங்கட வடைத் தட்டைப் பற்றித்தான் கதைப்பா" என்றாள்.

எமக்கு வியப்பாயிருந்தது. எங்கே மெக்சிக்கோ, எங்கே வெள்ளவத்தை! ஆனால் சற்றுச் சிந்தித்தால் அத்துணை தூரமில்லை. எம் முன்னே இருந்த சம்பலிலே சிவந்து கிடந்த செத்தல் மிளகாய் எங்கிருந்து வந்தது? கொலம்பஸ் 1492 இல் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடக்கும் வரை ஆசியாவிலே மிளகாயைக் கண்டவர் எவருமிலர். மெக்சிக்கோ மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்டு வந்த அதனைப் போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டிலே கீழைத்தேயங்களிற் பரப்பினர். எம் முன்னோர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தவர்கள். புதிதாக வந்த காயும் காரமாயிருக்கவே 'மிளகுக்காய்' என்னும் பொருள்பட மிளகாய் என்று அதற்குப் பெயரிட்டு வீட்டுக்குள் அழைத்துக்கொண்டனர். தக்காளியும் அங்கிருந்து வந்ததே. அந்நிய நாட்டுக் காய் எமது சம்பலாகிவிட்டது. 1970களிலே அரசாங்கம் மிளகாயையும் வெங்காயத்தையும் இறக்குமதி செய்வதைத் தடுத்தபோது, யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் அவற்றைப் பயிரிட்டே கல்வீடு கட்டினர் என்பதும் யாவரும் அறிந்ததே.

வடைக்கு வருவோம். தட்டு மறைந்தமைக்கு நோய்ப்பயம் மாத்திரம் காரணமன்று. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20 ஆந் திகதி ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது கடை பூட்டப்பட்டது. மீண்டும் திறந்தபோது உழுந்து இல்லை! அவ்வாண்டிலே அந்நியச் செலாவணியை மிச்சம் பிடிக்கக் கருதிய அரசாங்கம் உழுந்து, மஞ்சள் முதலியவற்றின் இறக்குமதியைத் தடை செய்தது. வவுனியாவிலும் அனுராதபுரத்திலும் விளைகின்ற உழுந்து நாட்டின் தேவைக்குப் போதவில்லை. கிலோ ஒன்று ஆயிரம் ரூபாவையுந் தாண்டிற்று. உழுந்தின்றித் தோசை ஏது? வடை ஏது? அதனைத் தொடர்ந்து 2022 இன் நெருக்கடி வந்தது. எரிவாயுச் சிலிண்டருக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையிலே நின்றனர். மின்சாரம் ஒரு நாளிற் பதின்மூன்று மணித்தியாலம் வரை நிறுத்தப்பட்டது. எத்தனையோ கடைகள் பூட்டப்பட்டன. எமது கடை பின்புறத்திலே விறகடுப்பு மூட்டிப் பிழைத்துக்கொண்டது. இவ்வளவும் கடந்துவந்த ஒருவர் வடையை எண்ணி வைக்கின்றார் என்றால் அவரைக் குறைகூற எமக்கு நா எழவில்லை.

எனினும் மனம் ஆறவில்லை. காரணத்தைப் பேத்தி வற்புறுத்திக் கேட்டாள். இதுவரை எவரிடத்தும் முழுமையாகக் கூறாத ஒரு விஷயத்தை அன்று அவளுக்குக் கூறினோம். வாசகர்களுக்கும் அதனை மறைக்க வேண்டியதில்லை.

நாம் 1978 இல் எழுதுவினைஞராகக் கொழும்புக்கு வந்தோம். அன்று தொடக்கம் மூன்று வேளையும் அக்கடையிலேதான் சாப்பாடு. மூத்த முதலாளியிடம் ஒரு கொப்பி இருந்தது. மாதச் சாப்பாட்டுக்காரர் நாற்பது பேரின் கணக்கு அதிலே இருக்கும். ஒவ்வொரு நாளும் நாம் சொல்வதை அவர் எழுதுவார். சம்பளம் வந்ததும் கொடுப்போம். 1983 யூலை மாதக் கணக்கு 24 ஆந் திகதி ஞாயிறு இரவு வரையிலே 187 ரூபா 50 சதம்.

மறுநாள் திங்கட்கிழமை நடந்தவற்றை எழுத எமக்கு விருப்பமில்லை, அறியாதாருமிலர். காலி வீதியிலே தமிழர் கடைகள் வரிசையாக எரிந்தன. எமது கடையும் எரிந்தது. அதனோடு கொப்பியும் எரிந்தது. நாம் தங்கியிருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டிலே வாழ்ந்த சிங்களக் குடும்பத்தினர் அன்றிரவு எம்மைத் தம் சமையலறையிலே மறைத்துக் காப்பாற்றினர். அவர்களை நாம் மறந்தால் எமக்கு உய்வில்லை. பின்னர் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாம். அதன் பின்னர் 'லங்கா கல்யாணி' என்னும் கப்பலிலே காங்கேசன்துறை.

1984 மாசி மாதத்திலே வேலைக்குத் திரும்பினோம். கடை மீண்டும் திறக்கப்பட்டிருந்தது. முன்சுவர் கரிபிடித்திருந்தது, கூரைக்குத் தகரம் போட்டிருந்தனர். உள்ளே செல்லவேண்டியவர் நாம், செல்லவில்லை. எதிர்ப்பக்கத்து நடைபாதையாலே நடந்து போனோம். ஒரு நாளன்று, இரு நாளன்று, மூன்று மாதங்கள்! கையிலே காசு இல்லாமலில்லை. 'கொப்பிதான் எரிந்துவிட்டதே, யாருக்குத் தெரியும்?' என்று முதலில் ஓர் எண்ணம். சில நாட்களின் பின் அவ்வெண்ணத்தை நினைந்து வெட்கம். அவ்வெட்கம் வளர வளரக் கடை வாசல் மேலும் தூரமாகிக்கொண்டே போயிற்று. கடன்பட்டவன் நெஞ்சு கலங்கும் என்பர்; கேட்பாரில்லாத கடன் அதனிலும் பொல்லாதது.

ஒரு மாலை பெருமழை. ஒதுங்க வேறிடமின்றி உள்ளே ஓடினோம். முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "என்ன தம்பி, கனநாளாக் காணேல்லை. சுகமோ? ஊரிலை அம்மா ஐயா எப்பிடி?" என்றார். அவ்வளவே. மேசைக்குச் சென்று அமர்ந்தோம். எல்லாம் எரிந்து ஒன்பது மாதங்களான அக்கடையிலே, கரிபிடித்த சுவரின் கீழே, கேளாமலே எமக்கு முன் வடைத் தட்டு வந்தது!

உண்டோமா இல்லையா என்பது இன்று எமக்கு நினைவில்லை. எழுந்து காசு மேசைக்குச் சென்றோம். முதலாளி வழமைபோலவே கேட்டார்: "என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ரெண்டு வடை, ஒரு தேத்தண்ணி. அதோடை அண்ணை, போன யூலைக் கணக்கு நூற்றெண்பத்தேழு ரூபா ஐம்பது சதம்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் மேசையின் கீழிருந்து ஒரு புதிய கொப்பியை எடுத்தார். அதிலே பெயர்கள் சில இருந்தன. எமக்கு முன் வந்தவர்களின் பெயர்கள் அவை. எமது பெயரையும் எழுதி, தொகையையும் எழுதினார். "பழங்கொப்பி எரிஞ்சு போச்சுது தம்பி. நீங்கள் சொல்லுறதுதான் கணக்கு" என்றார். எம்மிடம் காசை வாங்கிக்கொண்டார். வேண்டாமென்று மறுத்திருப்பாராயின் நாம் அக்கடைக்குப் பின்னர் ஒருபோதும் சென்றிருக்க மாட்டோம். அதனை அவர் அறிந்திருந்தார் என்றே இன்று எண்ணுகின்றோம்.

வராதவர்களைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லியதில்லை. அவர்களுட் சிலர் இறந்துபோயினர்; சிலர் கடல் கடந்து போயினர். சில வருடங்களின் பின் ஜேர்மனியிலிருந்து ஒருவர் கடிதத்துள்ளே தம் கணக்கை அனுப்பியிருந்தார் என்று மாத்திரம் ஒருமுறை கூறினார்.

இக்கதையைக் கேட்டபின் பேத்தி நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்பு, "அப்ப தட்டைத் திரும்ப வைக்கச் சொல்லி முதலாளியிட்டைக் கேளுங்கோவன்" என்றாள்.

கேட்கலாமா? இதனை நாம் நிதானமாகச் சிந்தித்துப் பார்த்தோம். தட்டுக்காக வாதாடுவது எமது வயதினர்க்கு இன்பமானதே. ஆனால் உண்மையையுஞ் சொல்லவேண்டும். ஒரு மேசையில் எடுக்காது விட்ட வடை அடுத்த மேசைக்குப் போயிற்று. பலர் கைபட்டதும், பலர் பேச்சிலே நனைந்ததும், ஈ மொய்த்ததும் அத்தட்டிலே இருந்தன. சுகாதாரப் பரிசோதகர்கள் அதனை விரும்பாததிலே குற்றமில்லை. சிறு பிள்ளைகளும் நோயாளிகளும் வந்து உண்ணும் இடத்திலே பழமையின் பெயரால் அழுக்கைக் காப்பாற்ற வேண்டியதில்லை. பழையதெல்லாம் நல்லதென்று கொண்டாடுவோர், அக்காலத்திலே சில கடைகளிற் சாதி பார்த்துப் பேணி கொடுத்த வழக்கத்தையும் நினைத்துக்கொள்வாராக. அது ஒழிந்தது நன்று. அதனை எதிர்த்துப் போராடியோரை நன்றியோடு நினைக்கின்றோம்.

ஆனால் தட்டு வேறு. தட்டினால் வளர்ந்த பண்பு வேறு. தட்டு வெறும் பாத்திரம். அதைச் சுற்றி நின்றது, அறியாத ஒருவனின் வாய்ச்சொல்லை இன்னொருவன் கணக்காக ஏற்றுக்கொள்ளும் நம்பிக்கை. சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் வந்து உண்ட கடை அது. ஆடிவேல் இரதம் செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே வரும் நாட்களிலே முன்பின் அறியாத ஆயிரம் பேர் உண்டு சென்ற கடை அது. அத்தனை பேரிடமும் ஒரே கேள்விதான் கேட்கப்பட்டது. சிலர் ஏமாற்றியிருப்பர், ஐந்து வடை தின்று மூன்றென்றிருப்பர். அந்நட்டத்தைப் பொறுத்துக்கொண்டும் கடை நடந்தது. ஏனெனில் மெய் சொன்னவர்களே அதிகம். ஏமாற்றியவர்களை எண்ணிச் சந்தேகத்தை வளர்த்திருந்தால், 1984 இலே அப்புதிய கொப்பியில் ஒரு பெயரும் ஏறியிராது.

எனவே எமது அபிப்பிராயம் இதுவே: தட்டுப் போனாற் போகட்டும், கேள்வி மாத்திரம் போகாதிருக்கட்டும். வடையை மூடிவைத்துக் கேட்டபின் கொடுக்கட்டும், துண்டிலே எழுதட்டும், ஆனால் காசு மேசையிலிருப்பவர் முகம் பார்த்து, "என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். நாமும் துண்டை நீட்டிவிட்டு முகம் திருப்பாது வாய்திறந்து சொல்லுவோமாக.

வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வெள்ளவத்தையிலே காணிவிலை வானளாவ உயர்ந்து, பழைய கடைகள் நின்ற இடமெல்லாம் மாடித்தொடர்கள் எழுகின்றன. இளைய முதலாளியின் பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டிலே. "எனக்குப் பிறகு யார் அண்ணை இதைப் பார்க்கிறது?" என்று அன்று அவர் கேட்டபோது எமக்கு விடை கூறத் தெரியவில்லை. உங்கள் அயலிலும் இத்தகைய கடை ஒன்று இருக்கும். அது பூட்டப்பட்ட பின்னர் அதன் தோசையைப் பற்றிக் கண்ணீர் மல்கப் பேசுவதிலே பயனில்லை. திறந்திருக்கும்போதே செல்லுங்கள்; பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்; பரிமாறுபவரின் பெயரைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

அன்று எழுந்தபோது பரிமாறிய அன்பர் துண்டை எழுதித் தந்தார். பேத்தி அதனை வாங்கிக்கொண்டு எமக்கு முன்னே காசு மேசைக்கு நடந்தாள். இளைய முதலாளி துண்டைப் பார்த்துத் தொகையைக் கூறினார். அவள் காசைக் கொடுக்கவில்லை. துண்டை மீண்டும் ஒருமுறை பார்த்தாள்.

"மூண்டு வடை, ரெண்டு தோசை சரி மாமா. தேத்தண்ணி ரெண்டு குடிச்சனாங்கள், இதிலை ஒண்டுதான் போட்டிருக்கு" என்றாள்.

இளைய முதலாளி அவளையும் எம்மையும் மாறிமாறிப் பார்த்தார். பின்னர் பேனையை எடுத்து, அவள் சொன்னபடியே திருத்தி எழுதினார்.